சுனைத் தண்ணீரில் வளர்ந்தது

கண்டக்டரின் கால் புண் மூன்று வாரமாக ஆறவில்லை. அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

அவர் இப்போது கண்டக்டர் இல்லை. கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் ஓடிய பஸ்ஸில் நெடுங்காலம் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். நான் கல்லூரிக்குப் போனது அந்த பஸ்ஸில்தான். படிக்கட்டில் தொங்குகிற பையன்களை ஒரே அதட்டலில் உள்ளே தள்ளிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு மலையில் மரம் நடும் ஒரு குழுவில் சேர்ந்தார். அடி அண்ணாமலைக்கு மேலே, மேற்குச் சரிவில், வனத்துறை அனுமதியோடு பத்துப் பன்னிரண்டு பேர் வருடா வருடம் குழி வெட்டிச் செடி வைக்கிறார்கள். கோடையில் தீ ஏறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவர் அவர்தான், வேகமாக ஏறுகிறவரும் அவர்தான். ஊரில் எல்லாரும் இன்னும் கண்டக்டர் என்றே கூப்பிடுகிறார்கள். எனக்கும் அவர் கண்டக்டர் சார்தான்.

நான் செங்கம் ரோட்டில் ஒரு சின்ன நர்சிங் ஹோமின் லேபில் வேலை செய்கிறேன். பதினெட்டு வருடமாகிறது. முன்பக்கம் டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பார். பின்பக்கம் இரண்டு அறைகள் எனக்கு. ஒன்றில் ரத்தம், சிறுநீர் பார்ப்பது. இன்னொன்று கிருமி வளர்க்கும் அறை. ஊரில் பல லேபுகள் கல்ச்சர் டெஸ்டை வெளியூருக்கு அனுப்பிவிடும். எங்கள் டாக்டர் அறுவை சிகிச்சை செய்கிறவர் என்பதால், சீழில் என்ன இருக்கிறது என்று உடனே தெரிய வேண்டும் என்பார். அதற்காகவே அந்த அறையை அமைத்தார். எனக்கும் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த அறையில் எனக்குக் கை நடுங்கியதே இல்லை. சமையலில் உப்பு கூடக் குறைய விழும், அங்கே விழாது.

கண்டக்டர் வந்தது ஆடி மாதத்தில். குழி வெட்டும்போது கடப்பாரை பாறையில் பட்டுத் தெறித்து, ஒரு கல் சில்லு முழங்காலுக்குக் கீழே கிழித்திருந்தது. அவர் அதைச் சுனைத் தண்ணீரில் கழுவி, துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். ஒரு வாரம் கழித்துக் கால் வீங்கி, ஜுரம் வந்த பிறகுதான் அவர் மனைவி இழுத்துக்கொண்டு வந்தார். டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து மாத்திரை கொடுத்தார். கேட்கவில்லை. ஊசி போட்டார். அதுவும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் சீழை எடுத்து என்னிடம் அனுப்பினார்.

சீழை ஜெல்லி மாதிரியான ஊடகம் ஊற்றிய தட்டில் தடவி, உடம்புச் சூட்டில் ஒரு நாள் வைத்தால் கிருமி புள்ளி புள்ளியாக வளரும். அந்தப் புள்ளியை எடுத்து வேறொரு தட்டு முழுக்கப் பரப்பி, மேலே மருந்தில் தோய்த்த சின்னச் சின்னக் காகிதப் பொட்டுகளை வைப்போம். ஒவ்வொரு பொட்டிலும் ஒவ்வொரு மருந்து. மருந்து கிருமியைக் கொன்றால் பொட்டைச் சுற்றித் தெளிவான வட்டம் விழும். வட்டம் இல்லையென்றால் அந்த மருந்து இனி உதவாது. டாக்டருக்குத் தேவை அந்த வட்டங்கள்தான்.

கண்டக்டரின் தட்டைக் காலையில் வெளியே எடுத்தேன். கிருமி சாதாரணமாக மனிதக் குடலிலும் விலங்குக் குடலிலும் இருக்கும் ஒன்று. ஆனால் அநேகமாக எந்தப் பொட்டைச் சுற்றியும் வட்டம் இல்லை. வெளுத்த படலம் காகிதத்தின் விளிம்பு வரை ஒட்டி வளர்ந்திருந்தது. டாக்டர் கொடுத்த மாத்திரைக்கும் இல்லை, ஊசிக்கும் இல்லை. அதே குடும்பத்து மருந்துகள் எதற்கும் இல்லை. இரண்டே இரண்டு பொட்டுகளுக்கு மட்டும் வட்டம் இருந்தது. ஒன்று, உயிர் போகிற நிலையில் மட்டும் பெரிய ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் மருந்து. மற்றொன்று இப்போது அதிகம் பயன்படுத்தாத பழைய ஊசி.

என் கையில் தப்பு இருக்குமோ என்று மறுபடி முதலிலிருந்து செய்தேன். இரண்டாம் நாளும் அதே தட்டு.

டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இவரு சமீபத்துல எங்கயாவது அட்மிட் ஆகி இருந்தாரா?"

"இல்ல சார். கேட்டுட்டேன்."

"ஐசியுல பாக்குற மாதிரி இருக்கு. மலை மேல கல்லு பட்ட புண்ணுல இது எப்படி வந்துச்சு?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல், "பழைய ஊசியே போடுவோம். பெரிசத் தொட வேணாம். கிட்னிய மட்டும் பாத்துக்கணும், ரெண்டு நாளைக்கு ஒருதடவை ரத்தம் எடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊசி கேட்டது. நான்காம் நாள் ஜுரம் விட்டது. புண்ணின் ஓரத்தில் சிவப்பாக நல்ல சதை எழும்பத் தொடங்கியது. டாக்டருக்கு அத்தோடு விஷயம் முடிந்தது. எனக்கு முடியவில்லை.

கட்டு மாற்ற வந்தபோது கண்டக்டரைக் கேட்டேன்.

"சார், இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் எதாவது சாப்ட்டிருக்கீங்களா? மெடிக்கல்ல கேட்டு வாங்கிக்கூட?"

"எனக்கு ஜுரம் வந்தே எவ்ளோ வருசமாச்சு தெரியுமாம்மா? சளி புடிச்சா மிளகு ரசம். அவ்ளோதான்."

"வீட்ல யாராவது ஆஸ்பத்திரில இருந்தாங்களா?"

"இல்லயே."

"அடிபட்டப்போ எதுல கழுவுனீங்க?"

"வேற எதுல? சுனைலதான். அத விட சுத்தமான தண்ணி இந்த ஜில்லாவுலயே கிடையாது."

அதை அவர் பெருமையாகச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. கிரிவலம் வருகிறவர்கள் யாரும் அந்த உயரத்துக்கு வருவதில்லை. வீடு இல்லை, சாக்கடை இல்லை. பாறை இடுக்கில் ஊறி, ஒரு தொட்டி அளவு பள்ளத்தில் நிற்கும் தண்ணீர். நடுகிறவர்கள் அதைத்தான் குடிக்கிறார்கள். கீழே கொண்டு வந்து சாமி படத்துக்கு முன் வைக்கிறவர்களும் உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் மலை ஏறினேன். கண்டக்டரால் நடக்க முடியாததால் அவர் மனைவி கூட வந்தார். அவரும் குழுவில் ஒருவர்; தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பாறையில் ஏறுவார். என் பையில் கொதிநீராவியில் கிருமி நீக்கிய ஆறு பாட்டில்கள், கையுறை, ஐஸ் வைத்த ஒரு டப்பா. வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன்.

சுனையில் முதல் இரண்டு பாட்டில் எடுத்தேன். மூடியைத் திறந்து, பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் இறக்கி, உள்ளேயே திருப்பி நிரப்பினேன். அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கோயில்ல தீர்த்தம் எடுக்கறவங்ககூட இவ்ளோ பயபக்தியா எடுக்க மாட்டாங்கம்மா."

"இதுல என் விரல் பட்டா என் கிருமிதான் வளரும். அதான்."

"மலையே சாமி. அதுல ஊறற தண்ணில கிருமி எங்கருந்து வரும்?"

"அதத்தான் பாக்கப் போறேன்."

சுனைக்கு மேலே நூறடி ஏறினால் போன வருடம் செடி வைத்த இடம். அங்கிருந்து ஒரு சின்ன ஓடை, மழை பெய்தால் மட்டும் ஓடுவது, நேராகச் சுனைக்குள் இறங்குகிறது. முந்தின வாரம் பெய்த மழையில் ஓடைப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் இரண்டு பாட்டில். இன்னும் மேலே, செடியும் இல்லாத, யாரும் ஏறாத இடத்தில் பாறை நடுவே மழைத் தண்ணீர் நிற்கும் ஒரு குழி இருந்தது. அதில் கடைசி இரண்டு.

இறங்கும்போது நடவு இடத்தின் ஓரத்தில், பாறை நிழலில் அடுக்கி வைத்த பிளாஸ்டிக் சாக்குகளைப் பார்த்தேன். இருபதுக்கு மேல் இருக்கும். மேல் வரிசை கிழிந்து, உமியும் கறுத்த எருவும் வெளியே கொட்டியிருந்தது. மழை அதன் மேலேயே பெய்திருந்தது. பக்கத்தில் போனதுமே வாடை தெரிந்துவிட்டது. அந்த வாடையில் வளர்ந்தவள் நான்.

"இது கோழி எருவாச்சே. எங்கருந்து வந்துச்சு?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"என்னம்மா இப்டி கேக்கறீங்க? நீங்க சொல்லித்தானே உங்க அண்ணன் கொடுத்தாரு. வேன்ல அடிவாரம் வரைக்கும் அவரே கொண்டாந்து எறக்குனாரு. எங்க வீட்டுக்காரருதான் ஒவ்வொண்ணா தோள்ல தூக்கி மேல ஏத்துனாரு."

அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் கண்டக்டர் சர்க்கரை டெஸ்டுக்கு வந்திருந்தார். பாறை மண்ணில் செடி பிடிக்க மாட்டேன் என்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். ஊசியைக் குத்திக்கொண்டே, "எங்க அண்ணன் கோழிப் பண்ணை வெச்சிருக்காரு சார், எரு மலை மாதிரி கெடக்குது, கேட்டா சும்மாவே கொடுப்பாரு" என்றேன். சொன்னதோடு மறந்துவிட்டேன். அண்ணன் வழக்கம்போல ஒரு படி மேலே போய், தானே வேன் பிடித்து இறக்கியிருக்கிறான்.

மீதி தூரத்தை வேகமாக இறங்கினேன். பயமாக இருந்தது என்று சொல்ல முடியாது. விடை என்னவென்று பாதி தெரிந்துவிட்டது. மீதியைத் தட்டில் பார்க்க வேண்டும் என்ற அவசரம்தான் இருந்தது. அதற்கு அடியில் வெட்கமும் இருந்தது.

கண்டக்டரின் கிருமி மதிக்காத மருந்துகளில் ஒன்றை ஊடகத்திலேயே கலந்து தட்டுகளை ஊற்றினேன். அதில் சாதாரணக் கிருமி செத்துவிடும். எதிர்த்து நிற்கிறது மட்டும் வளரும். குடல் கிருமி அந்த ஊடகத்தில் ரோஸ் நிறத்தில் வரும். திங்கட்கிழமை மதியம் இன்குபேட்டரைத் திறந்தேன். ஓடைத் தண்ணீர் வைத்த தட்டு முழுக்க ரோஸ். எண்ண முடியாது. சுனைத் தண்ணீரில் எண்ண முடிகிற அளவு, ஆனால் நிறைய. யாரும் ஏறாத அந்தக் குழியில் ஒன்றுமே இருக்காது என்று நினைத்திருந்தேன். அதிலும் மூன்று புள்ளிகள் இருந்தன.

அடுத்த விடுமுறை நாளில் கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். அண்ணனின் பண்ணை, நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலை போட்டிருந்த எங்கள் பழைய நிலத்தில்தான் இருக்கிறது. ஒரு கம்பெனி குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும். அவன் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பான். ஷெட்டுக்குள் போய்த் தரையில் பரப்பிய உமி எருவைப் பாட்டிலில் எடுத்தேன். வெளியே மழையில் நனைந்து கிடந்த குவியலிலும் எடுத்தேன். அவன் பின்னாலேயே வந்தான்.

"என்னா பாப்பா, கோழிக்கு ஏதாவது நோயா?"

"கோழிக்கு இல்ல. குஞ்சு வந்ததும் தண்ணில என்ன மருந்து கலக்கறே?"

"சூப்பர்வைசர் கொடுக்கறத கலக்கறேன். மொத வாரம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு."

"சீக்கு வந்தாத்தானா?"

"சீக்கு வரக்கூடாதுன்னுதான். வந்தப்புறம் கொடுத்து என்னா புண்ணியம்? ஷெட்டே காலியாயிடும்."

மருந்துப் பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். லேபிளில் இருந்த பெயர், எங்கள் நர்சிங் ஹோமில் எழுதிக்கொடுக்கும் ஒரு மருந்தின் பங்காளி. என் தட்டில் வட்டம் விழாத பொட்டுகளில் அதுவும் ஒன்று. அவனிடம் அப்போது எதுவும் சொல்லவில்லை. தட்டில் வளராததை நான் சொல்வதில்லை.

வளர்ந்தது. ஷெட்டுக்குள் எடுத்ததிலும் வளர்ந்தது, குவியலில் எடுத்ததிலும் வளர்ந்தது. சுனை, ஓடைப் புள்ளிகளோடு சேர்த்துப் பொட்டு வைத்துப் பார்த்தபோது எல்லாமே கண்டக்டரின் தட்டை நகல் எடுத்த மாதிரி இருந்தன. அண்ணனை லேபுக்கு வரச் சொன்னேன். காலணியைக் கழற்றி வைக்கச் சொல்லி, உள்ளே கூட்டிப்போய், நான்கு தட்டுகளை மேசை மேல் வரிசையாக வைத்தேன்.

"இது கண்டக்டர் கால்ல இருந்து எடுத்தது. இது சுனை. இது ஓடை. இது உன் எரு."

அவன் குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

"நாலும் ஒரே மாதிரி இருக்குது."

"ஆமா."

"அப்போ இது என் கோழியா?"

"உன் கோழி. நான் சொன்ன எரு. ரெண்டு பேரும்தான்."

அவன் முகம் சுருங்கியது. "நான் சாமி மலைக்குன்னு நெனச்சி கொடுத்தேன். ஒரு பைசா வாங்கல."

"தெரியும் அண்ணா. உன்ன திட்டறதுக்குக் கூப்புடல. நிறுத்தறதுக்குக் கூப்புட்டேன்."

தட்டைப் பார்த்தால் ஒரே மாதிரி இருக்கலாம். அதனால் ஒரே கிருமிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதற்கு மரபணுவைப் பார்க்க வேண்டும், அந்த வசதி என்னிடம் இல்லை. என்னோடு படித்த ஒருத்தி சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். அவளுக்குப் போன் செய்து, எல்லாவற்றையும் பத்திரமாகப் பொட்டலம் கட்டி அனுப்பினேன். பதில் வர மாதக்கணக்கில் ஆகும் என்றாள். ஐப்பசி மழை அதற்காகக் காத்திருக்காது. எருவை மலையிலிருந்து இறக்குவதற்கு எனக்கு அந்தப் பதில் தேவைப்படவில்லை.

கண்டக்டரிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. கடைசிக் கட்டைப் பிரித்த அன்று சொன்னேன். புண் மூடி, புதுத்தோல் பளபளவென்று இருந்தது. அவர் காலை நீட்டிக்கொண்டு, முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஒண்ணு ரெண்டு மூட்டை இல்லம்மா, நாப்பத்தி ரெண்டு மூட்டை ஏத்துனேன்" என்றார் கடைசியில். "ஒரு மூட்டைக்கு ரெண்டு தடவ உக்காருவேன். உக்கார்ற எடம் சுனைதான்."

"சொன்னது நான் சார். எனக்கு இந்த விஷயம் தெரிஞ்சிருக்கணும். இதான் என் வேலை."

"நீங்க நல்லதுக்குச் சொன்னீங்க, அவரு நல்லதுக்குக் கொடுத்தாரு, நான் நல்லதுக்குத் தூக்குனேன்." காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "சரி, விடுங்க. இப்ப என்ன பண்ணணும்? அதச் சொல்லுங்க."

என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் தெளிவாக இருந்தது. மேலே மிச்சமிருக்கும் மூட்டைகளைக் கீழே கொண்டு வர வேண்டும். ஏற்கெனவே எரு போட்ட குழிகளின் மேல் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். நடவு இடத்திலிருந்து வரும் ஓடை சுனைக்குள் போகாமல் திருப்ப வேண்டும். சுனைத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாரும் குடிக்கக் கூடாது, புண்ணில் ஊற்றக் கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் அவருக்கு வலித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தத் தண்ணிய கொதிக்க வெக்கறதா?"

"மலை மேல ஒரு தப்பும் இல்ல சார். நாம கொண்டு போய் கொட்டுனதத்தான் கொதிக்க வெக்கச் சொல்றேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "மேல அடுப்பு மூட்ட வனத்துறை விடாது. கீழருந்தே கேன்ல எடுத்துட்டு போறோம்" என்றார். அதை நான் யோசித்திருக்கவில்லை.

புரட்டாசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மூட்டை இறக்கினோம். கையுறை, முகமூடி எல்லாருக்கும் நான் கொண்டு போயிருந்தேன். குழுவில் எல்லாருக்கும் சம்மதம் இல்லை. இரண்டு வருடம் முதுகு ஒடிய ஏற்றியதை, கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகத் திரும்ப இறக்குவதா என்று ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார். கண்டக்டர் பேன்ட்டை மடித்துத் தழும்பைக் காட்டினார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. நானும் ஒரு மூட்டையை இறக்கினேன். அண்ணன் வேனைக் கொண்டு வந்து அடிவாரத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு மூட்டையாக வாங்கி உள்ளே அடுக்கினான். கண்டக்டரும் மெதுவாக மேலே ஏறி வந்துவிட்டார்; காலை இன்னும் சரியாக ஊன்ற முடியாமல், ஓடைக்குக் குறுக்கே கல் வரிசை எங்கே வைக்க வேண்டும் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கோலால் காட்டினார். பஸ்ஸில் கேட்ட அதே அதட்டல். கல் அணை ஒரே நாளில் எழும்பியது. தண்ணீர் இப்போது சுனையைத் தொடாமல், பக்கவாட்டில் புல்வெளிக்கு இறங்கி அங்கேயே மண்ணில் வடிகிறது.

எருவை என்ன செய்வது என்பது அண்ணனின் பாடு. அதை நிழலில் உயரமாகக் குவித்து, தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால் உள்ளே தானாகச் சூடு ஏறும். வாரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். பத்தாம் நாள் போன் செய்தான்.

"பாப்பா, உள்ள கைய வெக்க முடியல. வெந்நீர் அண்டா மாதிரி கொதிக்குது."

"அதான் வேணும். கைய வெக்காத."

இரண்டு மாதம் கழித்துக் குவியலின் நடுவிலிருந்து எடுத்து வைத்த தட்டு காலியாக இருந்தது. ஒரு ரோஸ் புள்ளிகூட இல்லை. ஓரத்திலிருந்து எடுத்ததில் மட்டும் கொஞ்சம் வளர்ந்தது. ஓரத்துக்குச் சூடு போயிருக்கவில்லை. போட்டோவை அனுப்பினேன். அவன் அன்றே ஆட்களை வைத்து ஓரத்தை நடுவுக்குத் தள்ளிப் புரட்டிப் போட்டான். அடுத்த தட்டில் அதுவும் காலி.

மருந்து விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. சீக்கு இல்லாத குஞ்சுக்கு மருந்து கலக்க மாட்டேன் என்று அண்ணன் சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறான். கம்பெனி சொல்கிறபடிதான் வளர்க்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை குஞ்சு வராது என்று பதில் வந்தது. அண்ணன் வாயாடி; ஒரு பேட்ச்சில் மட்டும் முதல் வாரத்து மருந்தை நிறுத்திப் பார்க்க அனுமதி வாங்கிவிட்டான். உமியைக் காயவைத்து, குடிநீர்க் குழாயைத் தினமும் கழுவி, குஞ்சைக் கண்ணை இமை காக்கிற மாதிரி பார்த்துக்கொண்டான். அந்த பேட்ச் நன்றாகவே தேறியது. இரண்டாவது மருந்து இன்னும் ஓடுகிறது. அதை நான் அவனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அவனும் பதிலுக்கு, "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்கிறான்.

சென்னையிலிருந்து பதில் தை மாதத்தில் வந்தது. எருவில் இருந்ததும், ஓடையிலும் சுனையிலும் இருந்ததும், கண்டக்டரின் காலில் இருந்ததும் மிக நெருங்கிய உறவு. மேலே யாரும் ஏறாத குழியில் இருந்த மூன்று புள்ளிகள் வேறு. அவை எங்கள் கோழியுடையவை அல்ல. கிரிவலப் பாதையில் மிச்சச் சோறு தின்றுவிட்டு மேலே ஏறும் குரங்கா, குப்பைமேட்டில் மேய்ந்துவிட்டு வந்து உட்காரும் காகமா, தெரியாது என்று எழுதியிருந்தாள். நானும் என் நோட்டில் தெரியாது என்றே எழுதினேன். நாங்கள் அடைத்தது ஒரு வழியை. வேறு வழிகள் இருக்கின்றன. ஆள் போகாத இடத்துக்கும் அவை போகின்றன. ஆனால் அடைத்த வழி அடைத்ததுதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

டாக்டரிடம் காகிதத்தைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். அன்றிலிருந்து புண்ணோடு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கிறார்: "எந்தத் தண்ணில கழுவுனீங்க?" சாதாரண ஜுரத்துக்கு மருந்து எழுதுவதற்கு முன் பேனாவைப் பிடித்தபடி ஒரு நொடி நிற்கிறார். அதை அவர் சொல்லவில்லை, நானே கவனித்தது.

மழை ஓய்ந்த பிறகு மறுபடி ஏறினோம். இந்த முறை கண்டக்டரே முன்னால் நடந்தார். லேசாக விந்தி நடந்தார், என்றாலும் என்னை விட வேகம்தான். பாட்டிலை என்னிடமிருந்து வாங்கி, கையுறை போட்டுக்கொண்டு, கவிழ்த்து இறக்கி, உள்ளே திருப்பி நிரப்பினார். விரல் படவில்லை. ஓடைப் பக்கம் செடிகள் இடுப்பளவு வந்திருந்தன. தட்டில் சுனையின் புள்ளிகள் வெகுவாகக் குறைந்திருந்தன, முழுசாகப் போகவில்லை. போன் செய்து சொன்னேன்.

"இன்னும் இருக்குது சார். ஆனா ரொம்ப கம்மி."

"எவ்ளோ கம்மி?"

"கை விரல்லயே எண்ணிடலாம்."

"அப்போ கேன் தண்ணியே தூக்கறோம். எண்ண ஒரு விரல்கூட தேவயில்லங்கற வரைக்கும்."

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறுகிறேன். மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. அண்ணன் தார்ப்பாய் மூடிய குவியலை அக்கம் பக்கத்துப் பண்ணைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுகிறான். போன மாதம் நான் போனபோது நான்கு பேர் சுற்றி நின்றிருந்தார்கள். அவன் ஒரு நீளமான கம்பியைக் குவியலுக்குள் செருகி, உருவி, அதன் முனையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தான். தொட்டவர் கையை உதறினார்.

"இந்தச் சூடு வரலன்னா எருவ வெளிய அனுப்பாதீங்க. நான் கண்டுபுடிச்சதுங்க இது" என்று அவர்களிடம் சொன்னான்.

என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறினான். நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து, "ஓரத்துல கொஞ்சம் எடுத்துக்கறேன் அண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குவியலைச் சுற்றிப் பின்பக்கம் போனேன்.